சொந்தமா ஒரு புரோகிராமிங் மொழி செய்யலாமா? கொப்பிரைட் சட்டம் என்ன சொல்லுது

திருகோணமலையில ஐசிடி படிக்கிற பிள்ளைகளோட கம்பைலர், இன்டர்பிரிட்டர் (எழுதின புரோகிராமைக் கொம்பியூட்டரில ஓட வைக்கிற சொப்ட்வெயார்) பத்திக் கதைக்கத் தொடங்கினா ரெண்டு விதமான கதை வரும். "பைதான் மாதிரி ஒண்டை நாங்களே எழுதினா அவங்கள் கேஸ் போட மாட்டாங்களா அண்ணா?" எண்டு பயத்தோட கேக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், "ஓப்பன் சோர்ஸ் தானே, எடுத்துப் போட்டா என்ன" எண்டு துணிஞ்சு நிக்கிற பிள்ளைகள் மற்றப் பக்கம். ரெண்டுமே பிழை, ரெண்டாலயும் நட்டம் வருது. பயப்படுற பிள்ளை செய்யக்கூடிய ஒரு நல்ல வேலையைத் தொடங்காமலே விட்டுடுது, துணிஞ்ச பிள்ளை வேற ஒருத்தற்ற கோட்டைத் தன்ட பேரில போட்டு நாளைக்கு ஒரு கம்பனி அதைப் பாவிக்க வரேக்க பதில் சொல்ல ஏலாம நிக்குது. அதால இதைக் கொஞ்சம் ஆற அமர எழுதுறன்.

விஷயத்தை முதல்லயே சொல்லிடுறன். ஒரு மொழியின்ட இலக்கணம், அதில இருக்கிற கீவேர்ட் (கட்டளைச் சொல்), இந்தக் கட்டளையைக் குடுத்தா இன்னது நடக்கும் எண்ட நடத்தை, இதுகள் கொப்பிரைட்டுக்குள்ள வராது எண்ட பக்கம் தான் சட்டங்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் சாயுது. அந்த மொழியை ஓட வைக்க ஒருத்தர் இருந்து எழுதின கோட் இருக்கே, அது அவற்ற. அவர் எழுதின மனுவல், டெஸ்ட் ஃபைல்கள் எல்லாம் அவற்ற. மொழியின்ட பேர் வேற சட்டத்துக்குள்ள வரும், நீங்கள் "ஐ அக்ரீ" எண்டு அமத்தின லைசன்ஸ் இன்னொரு சட்டத்துக்குள்ள வரும். இதெல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ள போட்டுக் குழப்புறதில தான் பாதிப் பிரச்சினை.

எங்கட பிள்ளைகள் ஓஎல்ல பாஸ்கல் படிக்குதுகள், ஏஎல்ல பைதான். பாஸ்கலை நிக்லவுஸ் விர்த் எண்ட சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் 1970ல வெளியில விட்டவர். அவற்ற கம்பைலரைத்தான் உலகம் முழுக்கப் பாவிச்சது எண்டில்ல. 1983ல போர்லண்ட் கம்பனி டேர்போ பாஸ்கல் எண்டு சொந்தமா ஒரு கம்பைலரை வித்துது, பிறகு 1995ல டெல்ஃபி வந்தது, ஃப்ரீ பாஸ்கல் எண்ட இலவசக் கம்பைலரின்ட வேலை 1993ல தொடங்கினது, அது டேர்போ பாஸ்கலுக்கும் டெல்ஃபிக்கும் எழுதின கோட்டை அப்பிடியே கம்பைல் பண்ணுற மாதிரிக் கட்டினது. ஒரே மொழி, ஒருத்தரோட ஒருத்தர் சம்பந்தமில்லாம எழுதின பல கம்பைலர். ஓஎல் பிள்ளை ஒண்டு ஃப்ரீ பாஸ்கலைத் திறந்து முதல் புரோகிராமை ஓட்டிப் பாக்கேக்க, இந்தக் கட்டுரையில நான் சொல்லப் போற விஷயம் முழுக்க அந்த ஸ்கிரீன்ல கிடக்கு.

இனி சட்டம். இலங்கையில இதுக்கானது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதின்ட 6ஆம் பிரிவு, பாதுகாக்கப்படுற ஆக்கங்களைச் சொல்லேக்க புத்தகம், கட்டுரை மாதிரியான எழுத்துகளோட கொம்பியூட்டர் புரோகிராமையும் சேத்து வச்சிருக்கு. அதாவது சட்டத்தின்ட கண்ணில நீங்கள் எழுதின பார்சரும் (புரோகிராமை வாசிச்சு இலக்கணப்படி பிரிக்கிற பகுதி) ஒரு எழுத்து தான், கதை எழுதினவருக்கு இருக்கிற உரிமை உங்களுக்கும் இருக்கு, எழுதினவர் உயிரோட இருக்கிற காலமும் அதுக்குப் பிறகு 70 வருஷமும். ஆனா 8ஆம் பிரிவை வாசிக்காம நிப்பாட்டினா பயம் தான் மிஞ்சும். யோசனை, நடைமுறை, முறைமை, இயக்குற முறை, கருத்து, தத்துவம், கண்டுபிடிப்பு, வெறும் தரவு, இதுகள் ஒரு ஆக்கத்துக்குள்ள எழுதப்பட்டிருந்தாலும் விளக்கப்பட்டிருந்தாலும் பாதுகாப்பு இல்ல எண்டு அந்தப் பிரிவு தெளிவாச் சொல்லுது. இது நாங்கள் மட்டும் தனியாக் கண்டுபிடிச்ச விதியில்ல, 1994ல வந்த ட்ரிப்ஸ் எண்ட சர்வதேசப் புலமைச் சொத்து உடன்படிக்கையின்ட 9ஆம் உறுப்புரையிலயும் இதே கருத்து இருக்கு, அமெரிக்கச் சட்டத்திலயும் இருக்கு. ஜப்பான்காரர் இன்னும் ஒரு படி மேல போய், தங்கட கொப்பிரைட் சட்டத்தின்ட 10ஆம் பிரிவிலயே புரோகிராமிங் மொழி, புரோட்டகோல் விதி (புரோகிராம்கள் ஒண்டோட ஒண்டு தொடர்பு கொள்ளுற விதி), அல்கோரிதம் (வேலையைச் செய்யிற படிமுறை) எண்ட மூண்டுக்கும் பாதுகாப்புப் போய்ச் சேராது எண்டு பேர் சொல்லியே எழுதி வச்சிருக்கினம். எல்லா நாடும் அப்பிடி எழுதியிருந்தா பாதி வழக்கு வந்திருக்காது எண்டு நான் நினைக்கிறன்.

இந்த வித்தியாசம் கொம்பியூட்டருக்கு முந்தினது. சார்ள்ஸ் செல்டன் எண்டவர் 1859ல ஒரு கணக்குப் பதியிற முறையைப் புத்தகமாப் போட்டார், கட்டம் கட்டின தாள்களோட. அவர் செத்த பிறகு பேக்கர் எண்ட இன்னொருத்தர் அதே மாதிரியான முறையில தாள் அச்சடிச்சு வித்தார், செல்டன்ட மனைவி வழக்குப் போட்டா. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879 தவணையில என்ன சொல்லிச்சு எண்டா, புத்தகத்தில இருக்கிற விளக்கம் செல்டன்ட சொத்து, அந்த விளக்கம் கற்பிக்கிற கணக்கு முறை எல்லாரும் பாவிக்கிறதுக்கு உரியது. முறையைத் தனிச் சொத்தா வைக்க ஆசையெண்டா பேட்டன்ட் எடுக்கோணும், கொப்பிரைட்டால அதைப் பிடிச்சு வைக்க ஏலாது. ஒரு மொழியின்ட மனுவலையும் அந்த மொழியையும் இதே கண்ணால பாத்தா விளங்கும்.

இப்ப எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச கேஸ், ஒரக்கிளும் கூகிளும். இதை அரைகுறையா வாசிச்சுப்போட்டுத்தான் கனபேர் பயப்படுகினம், அதால இதில கொஞ்ச நேரம் நிக்கிறன். ஜாவா எண்ட புரோகிராமிங் மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995ல வெளியிட்டது. 2010 ஜனவரியில ஒரக்கிள் சன்னை வாங்கிச்சு, அதே வருஷம் ஓகஸ்ட்ல கூகிளுக்கு எதிரா வழக்கு. அண்ட்ரொயிட் போனுக்கு எப் எழுதுற ஆக்கள் ஜாவா தெரிஞ்ச ஆக்களா இருக்கோணும் எண்டு கூகிள் விரும்பினது, அதுக்காக ஜாவாவில ஏற்கனவே இருக்கிற ஃபங்ஷன்களை அதே பேரில, அதே ஒழுங்கில திருப்பிக் கட்டினது. ஒரு விஷயத்தைக் கவனிக்கோணும், ஜாவா எண்ட மொழியைக் கூகிள் பாவிக்கலாம் எண்டதில ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கவே இல்ல. சண்டை லைப்ரரியை, அதாவது மொழியோட ஆயத்தமா வாற ஃபங்ஷன் தொகுதியைப் பத்தினது.

கிட்டப் போய்ப் பாப்பம். ரெண்டு எண்ணைக் குடுத்தா பெரிய எண்ணைத் திருப்பித் தாற ஒரு ஃபங்ஷன் ஜாவாவில இருக்கு, பேர் மக்ஸ். அதின்ட முதல் வரி சொல்லுறது இவ்வளவு தான்: என்ட பேர் மக்ஸ், நான் மெத் எண்ட கிளாஸுக்குள்ள இருக்கிறன், எனக்கு ரெண்டு முழு எண் தாங்கோ, நான் ஒரு முழு எண் தருவன். இது அறிவிக்கிற வரி. அதுக்குக் கீழ, எது பெருசு எண்டு உண்மையா ஒப்பிட்டுப் பாக்கிற வரிகள் கிடக்கும், அது வேலை செய்யிற கோட். கூகிள் ரெண்டாவதைத் தானே புதுசா எழுதினது அல்லது வேற இடத்தில இருந்து முறையா எடுத்தது, முதலாவதை அப்பிடியே வச்சுக்கொண்டது, ஏனெண்டா பேரை மாத்தினா ஜாவா தெரிஞ்ச ஒருத்தர் எழுதின மக்ஸ்(4, 6) எண்ட வரி ஓடாது. இப்பிடி எடுத்தது 37 பக்கேஜ் (ஃபங்ஷன் தொகுப்பு), ஏறக்குறைய 11,500 அறிவிப்பு வரி. அந்த ஜாவா லைப்ரரி முழுக்கச் சேத்தா 28.6 லட்சம் வரி, அதில இது 0.4 வீதம்.

2012ல நீதிபதி வில்லியம் அல்சப் இந்த அறிவிப்பு வரிகளுக்கும் அடுக்கி வச்ச ஒழுங்குக்கும் கொப்பிரைட் இல்ல எண்டார். 2014ல மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கு எண்டிச்சு. 2016ல ஜூரி, சரி இருந்தாலும் கூகிள் செய்தது நியாயமான பாவனை எண்டிச்சு, 2018ல மேன்முறையீட்டில அதுவும் கவிண்டுது. கடைசியா 2021 ஏப்ரல் 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 6க்கு 2 எண்டு கூகிள் பக்கம் தீர்த்துது, தீர்ப்பை எழுதினவர் நீதியரசர் ஸ்டீபன் பிரேயர். இதில ஆக்கள் தவற விடுற இடம் ஒண்டு இருக்கு. அறிவிப்பு வரிக்குக் கொப்பிரைட் இருக்கா இல்லையா எண்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லேல்ல, வாதத்துக்காக இருக்கு எண்டே வச்சுக்கொள்ளுவம், இருந்தாலும் இது நியாயமான பாவனை எண்டு தான் முடிச்சது. இந்த அறிவிப்பு வரிகளைத் தான் ஏபிஐ எண்டு சொல்லுறது, ஆகவே "ஏபிஐக்குக் கொப்பிரைட் இல்ல எண்டு அமெரிக்கா சொல்லிட்டுது" எண்டு எழுதுறது சரியில்ல. அந்த முடிச்சு இன்னும் அவிழ்க்காமலே கிடக்கு.

எங்களுக்கு இதில ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கு. நியாயமான பாவனையா எண்டு பாக்க அமெரிக்கச் சட்டம் நாலு விஷயத்தைப் பாக்கும்: என்ன நோக்கத்துக்குப் பாவிச்சது, எடுத்த ஆக்கம் எப்பிடிப்பட்டது, எவ்வளவு எடுத்தது, அசலின்ட சந்தைக்கு என்ன பாதிப்பு. இலங்கைச் சட்டத்தின்ட 11ஆம் பிரிவிலயும் இதே நாலும் இருக்கு. அமெரிக்கத் தீர்ப்பு இங்க எந்த நீதிபதியையும் கட்டுப்படுத்தாது, ஆனா ஒரே அளவுகோலை வச்சு உலகத்தின்ட பெரிய கோர்ட் ஒண்டு எப்பிடி யோசிச்சது எண்டு ஒரு சட்டத்தரணி இங்க எடுத்துக் காட்டி வாதிட வழி இருக்கு.

அந்த வழக்குக்குள்ளயே இன்னொரு சின்னச் சங்கதி இருக்கு, கம்பைலர் எழுதுறவங்களுக்கு அது 11,500 வரியை விட முக்கியம் எண்டு எனக்குப் படுது. ரேஞ்ச்செக் எண்ட 9 வரி ஃபங்ஷன். ஒரு அரேக்குள்ள (வரிசையா அடுக்கின தரவு) இத்தனையாவது இடத்தில இருந்து இத்தனையாவது இடம் வரைக்கும் எண்டு குடுத்தா, தொடக்கம் முடிவை விடப் பெருசா, தொடக்கம் பூச்சியத்துக்குக் கீழயா, முடிவு அரேயைத் தாண்டுதா எண்டு பாத்து எரர் குடுக்கும், அவ்வளவு தான். புரோகிராமிங் தெரிஞ்ச ஆரும் எழுதக்கூடியது, நீதிபதி அல்சப்பே இப்பிடியானதைத் தான் எத்தினையோ தரம் எழுதியிருக்கிறன் எண்டு விசாரணையில சொன்னவர். ஆனா அந்த 9 வரியும் சன்னின்ட கோட்டில இருந்த மாதிரியே அண்ட்ரொயிட்டிலயும் கிடந்தது, முதல்ல சன்னில வேலை செய்து பிறகு கூகிளுக்கு வந்த ஒரு என்ஜினியர் வழியா. 2012ல ஜூரி அதை மீறல் எண்டே தீர்ப்புச் சொன்னது. நட்டஈடு பூச்சியம் எண்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டாலும், 9 வரிக்காக உலகத்தின்ட ரெண்டு பெரிய கம்பனி கோர்ட்டில நிண்டது நிண்டது தான். மொழியைத் திருப்பிக் கட்டினதில தப்பின ஆக்கள் கொப்பி அடிச்ச ஒரு சின்னத் துண்டில மாட்டினவை.

எனக்கு இதை விடத் தெளிவான பாடமாப் படுறது எஸ்ஏஎஸ் வழக்கு. எஸ்ஏஎஸ் எண்டது புள்ளிவிபர வேலைக்கான சொப்ட்வெயார், அதுக்குள்ள சொந்தமா ஒரு மொழி இருக்கு. வருஷக்கணக்கா அந்த மொழியில கோட் எழுதி வச்ச கம்பனிகள் வேற சொப்ட்வெயாருக்குப் போக ஏலாம கட்டுப்பட்டு நிண்டது. இங்கிலாந்தில வேர்ல்ட் புரோகிராமிங் எண்ட ஒரு சின்னக் கம்பனி எஸ்ஏஎஸ்ஸின்ட சோர்ஸ் கோட்டைக் கண்ணாலயும் காணாம, படிக்கிறவங்களுக்கு விக்கிற பதிப்பை வாங்கி, ஓட்டிப் பாத்து, மனுவலை வாசிச்சு, அதே மொழியில எழுதின புரோகிராமை ஓட்டுற இன்னொரு சொப்ட்வெயாரைக் கட்டிச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மே 2ஆம் திகதி சொன்னது இது: ஒரு புரோகிராம் என்ன வேலை செய்யுது எண்டதும், புரோகிராமிங் மொழியும், டேட்டா ஃபைலின்ட வடிவமும் அந்தப் புரோகிராமின்ட வெளிப்பாட்டு வடிவம் ஆகாது, அதால கம்பைலருக்கு இருக்கிற பாதுகாப்பு இதுகளுக்கு வராது. லைசன்ஸ் வாங்கின ஆள் அந்தப் புரோகிராமை ஓட்டிப் பாத்து அதுக்குப் பின்னால இருக்கிற யோசனையைக் கண்டுபிடிக்கிறதையும் தடுக்க ஏலாது.

ஆனா அந்தக் கம்பனி முழுசாத் தப்பேல்ல. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2013ல, சொப்ட்வெயாரில மீறல் இல்ல, நீங்கள் எழுதின மனுவலில எஸ்ஏஎஸ் மனுவலின்ட கணிசமான பகுதி அப்பிடியே கிடக்கு, அது மீறல் எண்டிச்சு. அமெரிக்காவில நிலைமை இன்னும் மோசம். வட கரோலினாவில கொப்பிரைட் வாதம் நிக்கேல்ல, ஆனா லைசன்ஸை அமத்தேக்க "வணிகத்துக்குப் பாவிக்க மாட்டன், ரிவேர்ஸ் என்ஜினியரிங் (உள்ளுக்க எப்பிடி வேலை செய்யுது எண்டு பிரிச்சு ஆராயிறது) செய்ய மாட்டன்" எண்டு ஒத்துக்கொண்டதை மீறினது, மோசடியா ஒத்துக்கொண்டது எண்டு ஜூரி போட்ட தொகை 3 மடங்காகி ஏறக்குறைய 79 மில்லியன் டொலருக்குப் போனது. 2017ல மேன்முறையீட்டிலயும் அது நிண்டது. கொப்பிரைட்டால பிடிக்க ஏலாததை ஒப்பந்தத்தால பிடிச்சது. ஒரு மொழியைத் திருப்பிக் கட்ட நினைக்கிற ஆரும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, அசலை நான் எந்த லைசன்ஸில தொட்டனான் எண்டது. பைதான், ரூபி, லுவா மாதிரியானதில இந்தத் தொல்லை இல்ல. காசு குடுத்து வாங்குற மூடின சொப்ட்வெயாரின்ட மொழியெண்டா லைசன்ஸை வரி வரியா வாசிக்கோணும்.

லோட்டஸ், போர்லண்ட் வழக்கையும் ஒருக்காச் சொல்லிட்டுப் போறன். லோட்டஸ் ஸ்ப்ரெட்ஷீட்டில ஆக்கள் எழுதி வச்ச மக்ரோக்கள் (தானா ஓடுற கட்டளைத் தொடர்) தன்ட குவாட்ரோ ஸ்ப்ரெட்ஷீட்டிலயும் ஓட வேணும் எண்டு போர்லண்ட் அதே மெனுக் கட்டளை ஒழுங்கைப் போட்டது. 1995ல மேன்முறையீட்டு நீதிமன்றம் அது இயக்குற முறை, கொப்பிரைட் இல்ல எண்டிச்சு, 1996ல உச்ச நீதிமன்றம் 4க்கு 4 எண்டு பிரிஞ்சதால அதுவே நிலைச்சது.

சரி, நடைமுறைக்கு வருவம். அசலின்ட கோட்டைப் பாத்தாப் பிறகு சொந்தமா எழுதலாமா எண்டது எல்லாரும் கேக்கிற கேள்வி. சட்டம் பாக்கிறதைத் தடை செய்யேல்ல. ஆனா பாத்திட்டு எழுதினா, பிறகு ரெண்டும் ஒத்துப்போகேக்க "நான் பாக்கேல்ல" எண்டு சொல்லுற வழி உங்களுக்கு இல்ல. ஐபிஎம் தன்ட பர்சனல் கொம்பியூட்டரின்ட பயோஸ் கோட்டை (கொம்பியூட்டரைத் தொடங்கி வைக்கிற கோட்) தொழில்நுட்ப மனுவலிலயே அச்சடிச்சு விட்டது, எல்லாரும் பாக்கலாம், ஆனா கொப்பி அடிக்க ஏலாது. 1984ல ஃபீனிக்ஸ் கம்பனி அதுக்கு ஒரு வழி எடுத்தது: ஒரு குழு ஐபிஎம் கோட்டைப் படிச்சு என்ன செய்யுது எண்டு மட்டும் எழுதிக் குடுக்கும், அந்தக் கோட்டை ஒருக்காலும் பாக்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வச்சுக் கட்டும். இதைத்தான் கிளீன் ரூம் எண்டு சொல்லுறது. 1989ல என்ஈசியும் இன்டெலும் மைக்ரோகோட்டுக்காக (சிப்புக்குள்ள இருக்கிற அடிமட்டக் கோட்) அடிபட்ட வழக்கில, இப்பிடித் தனியா எழுதின கோட்டும் இன்டெல் கோட்டோட ஒத்துப்போனது, அந்த வேலையை வேற மாதிரி எழுத அதிகம் வழியில்ல எண்டதுக்கு என்ஈசிக்குச் சாட்சியா உதவினது.

வீட்டில தனிய இருந்து எழுதுற ஆள் ரெண்டு குழு வைக்க ஏலாது, வைக்கவும் தேவையில்ல. மொழியின்ட விளக்க ஆவணத்தை வாசியுங்கோ, சின்னச் சின்னப் புரோகிராம் எழுதி அசலில ஓட்டி என்ன வருது எண்டு பாருங்கோ, அதை உங்கட சொல்லில குறிச்சு வச்சிட்டு, குறிப்பைப் பாத்து எழுதுங்கோ. மற்ற மொழிக்காரரின்ட சோர்ஸைத் திறந்து பக்கத்தில வச்சுக்கொண்டு எழுத வேண்டாம்.

உவர்மலைப் பக்கம் இருக்கிற ஒரு தம்பி தமிழ்க் கீவேர்டில ஒரு சின்ன மொழி செய்யிறார், "எழுது", "இருந்தால்", "வரை" எண்டு கட்டளைகள். நல்லா இருந்தது, வாசிக்கேக்கயே சந்தோசம். லெக்ஸர் (புரோகிராமைச் சொல்லுச் சொல்லாப் பிரிக்கிற பகுதி) முழுக்க அவற்ற கை, பேர் வச்ச விதத்திலயே தெரிஞ்சுது. தசம எண்ணை வாசிக்கிற ஃபைலுக்கு வந்தா எல்லாம் மாறுது, உள்ளடுக்கு ஸ்பேஸில இருந்து டேப்புக்குப் போகுது, ஒரு கொமெண்ட்டில ஒரு பக் (பிழை) நம்பர் கிடக்கு, அவற்ற புரொஜெக்டில பக் லிஸ்ட்டே இல்ல. எம்ஐடி லைசன்ஸில இருந்த ஒரு லைப்ரரியில இருந்து எடுத்தது, மேல இருந்த கொப்பிரைட் அறிவிப்பை "தேவையில்லாத கொமெண்ட்" எண்டு நினைச்சு வெட்டிட்டார். எம்ஐடி லைசன்ஸ் கேக்கிறது கிட்டத்தட்ட அந்த ஒண்டைத்தான், அறிவிப்பும் அனுமதி வாசகமும் எல்லாக் கொப்பியிலயும் இருக்கோணும். திருப்பி ஒட்டினதோட விஷயம் தீந்துது. அதை வெட்டாம விட்டிருந்தா ஆரும் ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது, வெட்டினதால தான் அது சட்டத்துக்கு வெளியில போனது.

தமிழ்க் கீவேர்ட் எண்டதால இதையும் சொல்லோணும். தமிழில எழுதக்கூடிய மொழி எண்டா எழில் ஏற்கனவே இருக்கு, பைதான் மேல கட்டினது. அப்பிடி ஒண்டைச் செய்ய ரெண்டு பாதை இருக்கு, ரெண்டின்ட சட்ட நிலையும் வேற வேற. பைதானின்ட சோர்ஸை இறக்கி இலக்கண ஃபைலில கீவேர்டைத் தமிழாக்கினா அது பைதானில இருந்து பிறந்த ஆக்கம், பைதான் லைசன்ஸ் அதை அனுமதிக்குது, ஆனா கொப்பிரைட் அறிவிப்பை வச்சிருக்கோணும், என்ன மாத்தினீங்கள் எண்டு சுருக்கமா எழுதியும் வைக்கோணும். அதே நடத்தையை நீங்களே முதல் வரியில இருந்து எழுதினா அது முழுக்க உங்கட. ரெண்டும் நல்ல பாதை தான், எது எண்டு தெரிஞ்சு போகோணும்.

டெஸ்ட்டைப் பத்திக் கனபேர் யோசிக்கிறதில்ல. நீங்கள் கட்டினது அசல் மாதிரியே ஓடுதா எண்டு பாக்க அசலின்ட டெஸ்ட் தொகுதியை எடுத்து ஓட்ட மனம் வரும். பைதானில டெஸ்டுகள் சோர்ஸோடயே அதே லைசன்ஸில வருது, பிரச்சினையில்ல. ஜாவாவில டெஸ்ட் தொகுதிக்குத் தனி லைசன்ஸ். அப்பாச்சி அமைப்பு 2005ல ஹார்மனி எண்டு ஜாவாவைச் சுதந்திரமாத் திருப்பிக் கட்டத் தொடங்கினது, கோட் எழுதி முன்னுக்கு வந்தும், கட்டுப்பாடில்லாத டெஸ்ட் லைசன்ஸ் கிடைக்காததால ஜாவா எண்டு அத்தாட்சி வாங்க முடியேல்ல. 2010 டிசம்பரில அப்பாச்சி ஜாவாவின்ட நிர்வாகக் குழுவை விட்டு விலகினது, 2011ல ஹார்மனியை மூடினது. அவ்வளவு பேரின்ட உழைப்பு அப்பிடி நிண்டது எனக்கு இண்டைக்கும் கவலை தான். டெஸ்ட்டை நீங்களே எழுதுங்கோ. எரர் மெசேஜையும் மனுவலையும் நீங்களே எழுதுங்கோ, அதுவும் தமிழில எழுதினா "43ஆம் வரியில அடைப்புக்குறி மூடேல்ல" எண்டு ஒரு பிள்ளைக்கு விளங்குற மாதிரி எழுதலாம்.

இன்னொரு இடம், உங்கட மொழியில புரோகிராம் எழுதுற ஆக்களின்ட உரிமை. கம்பைலர் உங்கட எண்டதுக்காக அதில கம்பைல் பண்ணின புரோகிராம் உங்கட ஆகாது. ஆனா கம்பைலர் தன்ட சொந்தக் கோட்டில ஒரு துண்டை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளயும் சேத்து விடுமெண்டா அந்தத் துண்டின்ட லைசன்ஸும் கூடப் போகும். பைசன் எண்ட பார்சர் செய்யிற கருவி இதில பேர் போனது, அது உண்டாக்கிற பார்சருக்குள்ள தன்ட சட்டகத்தை அப்பிடியே ஒட்டும், ஒரு காலத்தில அதால உண்டாக்கின பார்சரை ஜிபிஎல் (அதைச் சேத்து வெளியிடுற புரோகிராமும் அதே லைசன்ஸில இருக்கோணும் எண்ட லைசன்ஸ்) புரோகிராமில மட்டும் தான் பாவிக்கலாம் எண்ட நிலை இருந்தது, பிறகு விதிவிலக்கு எழுதிச் சேத்தினம். ஜிசிசி எண்ட கம்பைலர், ஃப்ரீ பாஸ்கல் ரெண்டின்ட ரன்டைம் லைப்ரரிக்கும் (புரோகிராம் ஓடேக்க கூட வேலை செய்யிற கோட்) இப்பிடி விதிவிலக்கு இருக்கு. நீங்கள் ஜிபிஎல்ல ஒரு மொழி வெளியிடுறீங்கள் எண்டா ரன்டைம் பகுதிக்கு இதை யோசிக்காம விட வேண்டாம், இல்லாட்டி உங்கட மொழியைக் கம்பனிக்காரர் ஆரும் தொட மாட்டினம்.

பேர் எண்டு வந்தா கொப்பிரைட் இல்ல, வர்த்தகக் குறிச் சட்டம். ஜாவாஸ்கிரிப்ட் எண்ட பேர் சன்னிட்ட இருந்து ஒரக்கிளுக்குப் போனது, 1997ல வந்த தரநிலைக்கு எக்மாஸ்கிரிப்ட் எண்டு பேர் இருக்கிறதுக்கும் இந்தப் பேர்ச் சொந்தம் தான் காரணம். பைதான் எண்ட பேரும் பைதான் சொப்ட்வெயார் ஃபவுண்டேஷனின்ட குறி. "பைதான் புரோகிராமை ஓட்டும்" எண்டு விளக்கத்தில எழுதுறது உண்மையைச் சொல்லுறது, அதில பிரச்சினை வராது. "தமிழ் பைதான்" எண்டு பேர் வச்சு, அவங்கள் வெளியிட்டது எண்டு ஆக்கள் நினைக்கிற மாதிரி விட்டா பிரச்சினை வரும். நல்ல தமிழ்ப் பேர் ஒண்டை வச்சா எல்லாம் முடிஞ்சுது.

இங்க இருந்து கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்யிற ஆக்கள் இப்ப கூட. அவங்களுக்குப் புலமைச் சொத்துச் சட்டத்தின்ட 14ஆம் பிரிவு முக்கியம். வேலையின்ட பகுதியா எழுதினதின்ட பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில வேற மாதிரி எழுதேல்ல எண்டா, முதலாளிக்கு. இரவு வீட்டில எழுதின மொழி வேலையின்ட பகுதியா எண்டது வாதிடக்கூடிய கேள்வி, ஆனா கம்பனி லப்டொப்பில, கம்பனி நேரத்தில, கம்பனி வேலைக்குக் கிட்டவான ஒண்டை எழுதிட்டு வாதிட வேண்டிய நிலைக்கு ஏன் போவான். அப்பொயின்மன்ட் லெட்டரை எடுத்து அந்தப் பந்தியை வாசியுங்கோ, விளங்காட்டி தொடங்க முதல் எழுத்தில ஒரு சம்மதம் கேட்டு வாங்குங்கோ.

ஏஐயிட்ட கேட்டு கோட் எழுதுறதையும் கேக்கிறாங்கள். அது தாற துண்டு எங்கயோ இருக்கிற ஒருத்தற்ற கோட்டை அச்சொட்டா ஒத்திருந்தா, நீங்கள் அதை நேரா எடுக்கேல்ல எண்டது பெரிய கேடயம் ஆகாது. ஹாஷ் டேபிள் (பேரை வச்சுத் தரவைத் தேடுற அட்டவணை), பாவிச்சு முடிஞ்ச மெமரியைத் துப்புரவாக்கிற பகுதி மாதிரி எல்லாரும் எழுதிப் பேர் போன இடங்களில கூடக் கவனமா இருங்கோ, வந்ததை வாசிச்சு விளங்கி, மூடி வச்சிட்டு நீங்களே எழுதுங்கோ.

கிட்ஹப்பில (கோட்டை வெளியிடுற இணையத்தளம்) போட்ட பிறகு ஆராவது நீக்கச் சொல்லி அறிவித்தல் அனுப்பினா, அது 1998ல வந்த அமெரிக்கச் சட்டத்தின்ட வழி, கோர்ட் தீர்ப்பு இல்ல. எதிர் அறிவித்தல் அனுப்பலாம், மற்றவர் வழக்குப் போடேல்ல எண்டா 10 முதல் 14 வேலை நாளுக்குள்ள திருப்பிப் போடுவினம். ஆனா அதில உங்கட பேர், விலாசம் குடுத்து அமெரிக்க நீதிமன்றத்துக்கு உட்படுறன் எண்டும் எழுதோணும், அதால ஒரு சட்டத்தரணியோட கதைக்காம அனுப்ப வேண்டாம்.

கடைசியா உங்கட உரிமை. இலங்கையில கொப்பிரைட்டுக்குப் பதிவு செய்யத் தேவையில்ல, எழுதின கணத்தில இருந்து உங்களுக்குச் சொந்தம். எப்ப, எப்பிடி எழுதினீங்கள் எண்டதுக்கு கிட் (கோட்டில செய்யிற மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) வரலாறு நல்ல சாட்சி, அதால மாசக்கணக்கா எழுதினதை ஒரே கொமிட்டில (ஒரே பதிவில) தள்ளாம அண்டண்டைக்குப் போட்டு வாருங்கோ. லைசன்ஸ் ஃபைல் இல்லாம வெளியில விட்டா ஆரும் சட்டப்படி பாவிக்க ஏலாது. இன்னொருத்தர் உங்களுக்குத் திருத்தம் அனுப்பினா அந்தத் துண்டு அவற்ற, பிறகு லைசன்ஸை மாத்த நினைச்சா அவரிட்டயும் கேக்கோணும். எல்எல்விஎம் எண்ட கம்பைலர் புரொஜெக்ட் 2019ல புது லைசன்ஸுக்கு மாறினது, அதுக்காகப் பழைய பங்களிப்பாளர்களைத் தேடிச் சம்மதம் வாங்கிற வேலை வருஷக்கணக்கா இழுத்தது. முதல் திருத்தம் வெளியில இருந்து வர முதலே எந்த லைசன்ஸ் எண்டு முடிவெடுத்து ஃபைலைப் போட்டு வையுங்கோ.